உப்புப் பார்க்க வந்தவர்கள்

அந்தப் பெண்கள் மையத்தின் வாசலில் ஒரு பலகை இருந்தது. "எந்தப் பெண்ணும் எந்த நேரத்திலும் முன்கூட்டிச் சொல்லாமல் உள்ளே வரலாம். உட்காரலாம். பேசலாம். சாப்பிடலாம்" என்று அதில் எழுதியிருந்தது. வருவது, உட்காருவது, பேசுவது எதிலும் யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. கடைசி வார்த்தையை மட்டும் அந்த வட்டாரத்துப் பெண்கள் ஒருவர்கூடப் படித்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

மையம் என்றால் பெரிய கட்டடம் எதுவும் இல்லை. ஒரு காலத்தில் துணிக் கிடங்காக இருந்த நீளமான கூடம். நடுவில் பெஞ்சுகள், பின்னால் சமையலறை, சுவரையொட்டி ஓர் அலமாரி. அலமாரியில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் சோப்பும் போட்டுக் கட்டிய துணிப்பைகள். பணம் கொடுப்பது நலவாழ்வுத் துறை. நடத்துவது சாவியக்கா. இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கியதால் அந்தப் பெயர். அவளுக்கு வேறொரு பெயரும் இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

அந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு வேலை கொடுத்த தையல் ஆலை, கொஞ்ச காலமாகப் பாதி நாள்தான் ஓடியது. அதனால் பல வீடுகளில் அடுப்பும் பாதி நாள்தான் எரிந்தது. பெண்கள் மையத்துக்கு வந்தார்கள். ஆனால் சாப்பிட வந்தேன் என்று ஒருத்தி சொல்ல வேண்டுமே.

தையல்காரி ஒரு கத்தரிக்கோலோடு வருவாள். "இது உங்களுதான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்க்கா."

சாவியக்கா அதை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பி, "எங்களுது இல்லையே" என்பாள். போன வாரமும் அதே கத்தரிக்கோல்தான். அதற்கு முந்திய வாரமும் அதேதான்.

இஸ்திரிக்காரி, இன்றைக்கு மழை வருமா என்று விசாரிக்க வருவாள். அவள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தாலும் இதே வானம்தான் தெரியும். தையல்காரியின் மாமியார், மருமகள் இங்கே வந்தாளா என்று பார்க்க வருவாள். மருமகள் கூடத்தின் அந்தக் கோடியில் இருப்பாள். மாமியார் இந்தக் கோடியில் உட்காருவாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே பார்த்துக்கொண்டு, சாப்பிட்டு முடித்து, தனித்தனியாக வீட்டுக்குப் போய், அங்கே முதல் முறையாகச் சந்தித்துக்கொள்வார்கள்.

எல்லாரிடமும் சாவியக்கா கேட்பது ஒரே கேள்விதான்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சுக்கா. இப்பத்தான் கை கழுவிட்டு வரேன்."

"நல்லதாப் போச்சு. பசியோட இருக்கறவங்களுக்கு ருசி தெரியாது. நீங்க நிதானமாச் சொல்லுவீங்க. இந்தக் குழம்புல உப்பு சரியா இருக்கான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

உப்புப் பார்ப்பதற்குத் தட்டு நிறையச் சோறு வேண்டும். ஒரு வாயில் உப்புத் தெரியாது என்பது மையத்தின் உறுதியான கொள்கை. முதல் தடவை சரியாகத்தான் பார்த்தோமா என்று தெரிந்துகொள்ள இரண்டாம் தடவை போட்டுக்கொள்வதும் அவசியம். தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகு தீர்ப்பு வரும்.

"இன்னைக்குச் சரியாத்தான் இருக்கு. நாளைக்கு எப்படியோ."

"அதுதான் எனக்கும் பயமா இருக்கு. நாளைக்கும் வந்து பாத்துடுங்க."

போகிற நேரத்தில் அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்து, "இது நடக்கற வழியில காலைத் தட்டுது. கொஞ்ச நாள் உங்க வீட்டுல இருக்கட்டுமே" என்பாள் சாவியக்கா. "இடம் இல்லாமத்தான் இருக்கு, இருந்தாலும் உங்களுக்காக" என்று வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பைகளை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. சாவியக்காவும் கேட்டதில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது.

இப்படி எல்லாரும் பொய் சொல்லி, எல்லாரும் நம்பி, எல்லாரும் சாப்பிட்டு, நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் துறையிலிருந்து மதிப்பீட்டு அலுவலர் வந்தார்.

நல்ல மனிதர். கடுகடுப்பு இல்லை, கையூட்டு இல்லை, கேட்க வேண்டிய கேள்வியை முழுசாகக் கேட்டு, சொன்ன பதிலை முழுசாக நம்புகிறவர். கையில் ஒரு கணினிப் பலகை. அதில் ஒவ்வொரு கேள்விக்கும் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள். உலகத்தில் உள்ள விஷயங்களை அந்த இரண்டு பொத்தான்களுக்குள் அடக்கிவிடலாம் என்பது துறையின் எண்ணம். அலுவலருக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

அவர் பெஞ்சு பெஞ்சாகப் போனார்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"ஆச்சு சார்."

"எதுக்காக இங்க வந்தீங்க?"

"சும்மாதான்."

அடுத்த பெஞ்சில் இஸ்திரிக்காரி வாய் நிறையச் சோறு வைத்திருந்தாள்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

அவள் அவசரமாக மென்று விழுங்கினாள். "அதெல்லாம் வீட்டுலயே ஆச்சு சார்."

"இப்ப என்ன பண்றீங்க?"

"உப்புப் பாக்கறேன்."

அலுவலர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு மடியிலும் ஒரு தட்டு இருந்தது. "இவங்க எல்லாரும்?"

"ஒருத்தர் நாக்கு மாதிரி இன்னொருத்தர் நாக்கு இருக்காது பாருங்க," என்றாள் சாவியக்கா.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பதிந்துகொண்டு போனார். மறு வாரமே கடிதம் வந்தது. சாவியக்கா அதைக் கூடத்தின் நடுவில் நின்று உரக்கப் படித்தாள். நல்ல செய்தி என்றால் எல்லாரும் கேட்கட்டும் என்று நினைத்துவிட்டாள்.

"தங்கள் மையத்தின் அயராத சேவையின் பயனாக மேற்படி வட்டாரத்தில் பசி என்பது அறவே ஒழிக்கப்பட்டுள்ளமை ஐயந்திரிபற நிறுவப்பட்டிருப்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். இல்லாத பசியைத் தீர்ப்பதற்கு ஒரு மையம் தேவையில்லை என்பதால், இந்த மாத இறுதியில் தங்கள் மையம் வெற்றிகரமாக மூடப்படும். பாராட்டுக் கேடயம் பின்னர் வரும். உப்புப் பரிசோதகர்களின் எண்ணிக்கை அளவுக்கு மீறியிருப்பதையும் இத்துறை கவலையுடன் சுட்டிக்காட்டுகிறது."

 தையல்காரியின் மாமியார்தான் முதலில், "கேடயம் எவ்வளவு பெருசு இருக்கும்?" என்று கேட்டாள்.

 மறுநாள் காலையிலேயே சாவியக்கா துறை அலுவலகத்தில் போய் நின்றாள்.

அலுவலரின் மேசை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. ஒரு தம்ளர் வெந்நீரும் கணினிப் பலகையும் தவிர அதில் எதுவும் இல்லை. அவர் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

"வாங்க, வாங்க. இந்த வருஷம் வெற்றிகரமா மூடப் போற ஒரே மையம் உங்களுதுதான். மத்தவங்க எல்லாம் இன்னும் நடத்திக்கிட்டுத்தான் இருக்காங்க."

"சார், நாங்க சாப்பாடு போடறதாலதான் அங்க பசி இல்ல."

"அதைத்தாம்மா நாங்களும் எழுதியிருக்கோம்."

"போடறத நிறுத்தினா பசிக்கும் சார்."

"பசிக்கட்டும். பசிக்குதுன்னு தெரிஞ்சதும் விண்ணப்பம் பண்ணுங்க. புது மையம் திறக்க வழி இருக்கு. இப்ப இருக்கற மையத்தைத் தொடரத்தான் வழி இல்ல."

சாவியக்கா கொஞ்சம் யோசித்தாள். "மழையில குடை பிடிச்சுட்டுப் போறேன்னு வைங்க. நனையல. நீதான் நனையலையேன்னு குடையைப் பிடுங்கிட்டா எப்படி சார்?"

அலுவலர் அதை அக்கறையோடு கேட்டார். "குடை எங்க துறையில வராதும்மா," என்றார்.

"அங்க வர்றவங்க யாரும் வீட்டுல சாப்பிட்டுட்டு வரலை சார். சாப்பிட்டேன்னு சும்மா சொல்றாங்க."

"எதுக்காக அப்படிச் சொல்லணும்?"

சாவியக்கா அவரை உற்றுப் பார்த்தாள். கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தால், அப்படி இல்லை. உண்மையாகவே கேட்டார். இதை எங்கிருந்து விளக்க ஆரம்பிப்பது என்று அவளுக்குப் புரியவில்லை.

"வெக்கமா இருக்கும் சார்."

"சாப்பிடலன்னு சொல்றதுல என்னம்மா வெக்கம்? நானே நேத்து சாயங்காலத்துல இருந்து சாப்பிடல." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உண்ணாநிலைப் பயிற்சி. இப்ப எங்க அலுவலகத்துல எல்லாரும் பண்றோம். இயக்குநர் பதினெட்டு மணி நேரம் தாங்கறாரு. உடம்பு லேசாயிடுது, மூளை தெளிவாயிடுது."

மூளை தெளிவானது பற்றிச் சாவியக்கா எதுவும் சொல்லவில்லை. வந்த காரியம் முக்கியம். மெதுவாக, "இன்னொரு தடவை வந்து கேட்டுப் பாருங்களேன் சார்" என்றாள்.

நல்ல மனிதர் என்பதால் உடனே ஒப்புக்கொண்டார். "மாசக் கடைசியில வரேன். மையத்துக்குள்ள இருக்கறவங்கள்ல ஒருத்தர் வாயைத் திறந்து சாப்பிடலன்னு சொன்னாப் போதும். மையம் தொடரும். ஆனா அவங்களே சொல்லணும். நீங்க சொல்றது செல்லாது."

ஒரே ஒருத்திதானே, அது முடியாதா என்று நினைத்துக்கொண்டு சாவியக்கா திரும்பி வந்தாள். அன்று மத்தியானம் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு, எல்லாரையும் உட்காரவைத்து விஷயத்தை உடைத்துச் சொன்னாள். ஒருத்தி 'சாப்பிடல' என்றால் மையம் பிழைக்கும், இல்லையென்றால் இழுத்து மூடிவிடுவார்கள். எல்லாருக்கும் நன்றாகப் புரிந்தது. எல்லாரும் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தார்கள்.

"நீ சொல்லேன்," என்றாள் இஸ்திரிக்காரி, தையல்காரியிடம்.

"நான் எப்படிச் சொல்றது? மாமியார் கொடுமைன்னு ஊரே பேசும்."

கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "நான் சொன்னா மருமக பட்டினி போடறான்னு பேசுவாங்க. அதனால நானும் சொல்றதுக்கில்ல." கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்.

"சரி, யாரும் நிஜமாச் சொல்ல வேணாம்," என்றாள் சாவியக்கா. "நாடகம்னு வச்சுக்குங்க. நான்தான் அலுவலர். கேக்கறேன். சாப்பிட்டீங்களாம்மா?"

"ஆச்சு," என்றாள் இஸ்திரிக்காரி பட்டென்று.

"ஆச்சுன்னு சொல்லக் கூடாது."

"வாயில தானா வந்துடுச்சுக்கா. திருப்பிக் கேளுங்க."

"சாப்பிட்டீங்களாம்மா?"

இஸ்திரிக்காரி மூச்சை இழுத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். கழுத்து நரம்பு புடைத்தது. "இன்னும் முழுசா முடியல," என்றாள்.

"அப்படின்னா பாதி சாப்பிட்டாச்சுன்னு எழுதிக்குவாரு."

"எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தங்க சாப்பிடலயாம்னு சொல்லட்டுமா?"

"பக்கத்து வீட்டுக்காரி நான்தான்," என்றாள் தையல்காரி. "வாயைக் கழுவு."

மாதக் கடைசி வரைக்கும் ஒத்திகை நடந்தது. பாட்டாகப் பாடிப் பார்த்தார்கள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொல்லிப் பார்த்தார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் சொன்னால் யார் சொன்னது என்று தெரியாது என்ற யோசனையும் வந்தது. மூன்று எண்ணி முடித்ததும் எல்லாரும் வாயைத் திறந்தார்கள், சத்தம் மட்டும் வரவில்லை. மற்றவள் சொல்லிக்கொள்வாள் என்று ஒவ்வொருத்தியும் இருந்துவிட்டாள். ஒத்திகை முடிந்ததும் வழக்கம்போல எல்லாரும் உப்புப் பார்த்துவிட்டுப் போனார்கள். பேசிப் பேசிக் களைத்துப் போயிருந்ததால் மூன்றாம் தடவையும் பார்க்க வேண்டியிருந்தது.

அலுவலர் வருவதற்கு முதல் நாள், தலையில் கையை வைத்துக்கொண்டு சாவியக்கா உட்கார்ந்திருந்தாள். அப்போது இதுவரை யாரும் பார்த்திராத ஓர் அம்மா உள்ளே வந்தாள். உடம்போடு ஒட்டிய பளபளப்பான உடுப்பு, தலையில் ஒரு பட்டை, கையில் சின்னக் குடம் அளவுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். அடுத்த தெருவில் புதிதாக வந்த உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வருகிறாளாம். அங்கே தண்ணீர் வரவில்லையாம்.

"கொஞ்சம் பிடிச்சுக்கலாமா?"

"தாராளமா," என்ற சாவியக்கா, பழக்கதோஷத்தில், "சாப்பிட்டாச்சா?" என்றும் கேட்டுவிட்டாள்.

"இல்ல," என்றாள் பாட்டிலம்மா. "நேத்து சாயங்காலத்துல இருந்து எதுவும் சாப்பிடல."

இஸ்திரிக்காரியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அந்தக் கூடத்தில் அந்த வார்த்தை அதற்கு முன் ஒலித்ததே இல்லை. அதுவும் இப்படி, பரிசு வாங்கியவள் மாதிரி, சிரித்த முகத்தோடு.

"அடப் பாவமே," என்றாள் மாமியார். "வீட்டுல யாரும் இல்லையாம்மா?"

"எல்லாரும் இருக்காங்க. அவங்களும் சாப்பிடல. எங்க உடற்பயிற்சிக் கூடத்துல யாருமே சாப்பிடல."

சாவியக்கா மெதுவாக எழுந்தாள். பாட்டிலைத் தானே வாங்கி, தானே நிரப்பி, மூடியைத் துடைத்துக் கையில் கொடுத்தாள். "நாளைக்கு உங்க ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்கம்மா," என்றாள். "இங்க ஒரு சார் வருவாரு. நீங்க சொல்றத அவரு அக்கறையாக் கேட்டுக்குவாரு."

அந்த மாதிரி ஒரு சாரைத் தேடித்தான் பாட்டிலம்மாவும் அவள் தோழிகளும் ரொம்ப நாளாக அலைந்துகொண்டிருந்தார்கள். வீட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

மறுநாள் மையத்தின் முதல் மூன்று பெஞ்சுகளும் பளபளவென்று இருந்தன. அலுவலர் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு முதல் ஆளிடம் கேட்டார்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"இல்ல. நேத்து சாயங்காலத்துல இருந்து."

"நான் நேத்து மத்தியானத்துல இருந்து," என்றாள் அடுத்தவள், முதலாமவளை ஓரக்கண்ணால் பார்த்து.

"நான் சோத்தைக் கண்ணால பார்த்தே ஆறு மாசம் ஆகுது," என்றாள் மூன்றாமவள். முதல் இருவரின் முகமும் வாடிவிட்டது.

அலுவலர் பொத்தானை அழுத்திக்கொண்டே போனார். இத்தனை வருஷ வேலையில் 'இல்லை' பொத்தானை அவர் இவ்வளவு தடவை அழுத்தியதில்லை. "இதை எப்படிக் கவனிக்காம விட்டேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடைசிப் பெஞ்சில் தையல்காரியும் மாமியாரும் இஸ்திரிக்காரியும் தட்டோடு இருந்தார்கள். அவர்கள் மூவருக்கும் ஆச்சு. அதையும் பதிந்துகொண்டார்.

அடுத்த கடிதம் வேறு மாதிரி வந்தது. "மேற்படி வட்டாரத்தில் இதுகாறும் மறைந்து கிடந்த கடும்பசி வெளிக்கொணரப்பட்டுள்ளது. பாதிக்கப்பட்டோர் பெரும்பாலும் சொந்த வாகனம் உடையோர் என்பது மேலும் கவலைக்குரியது. ஆதலால் மையம் தொடர்வதுடன் உணவின் அளவும் இரட்டிப்பாக்கப்படும்."

அது ஒரு பொற்காலம். பாட்டிலம்மாவும் தோழிகளும் தினமும் வந்து, முன் பெஞ்சில் உட்கார்ந்து, தாங்கள் எதைச் சாப்பிடவில்லை என்று விவரமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காக வந்த சாப்பாட்டை அவர்கள் தொடுவதில்லை. ஆனால் அதிலும் உப்புச் சரியாக இருக்கிறதா என்று யாராவது பார்த்துத்தானே ஆக வேண்டும். பின் பெஞ்சுப் பெண்கள் முகம் சுளிக்காமல் பார்த்தார்கள். முட்டையில் உப்புப் பார்த்தார்கள். பழத்தில்கூடப் பார்த்தார்கள்.

"பாவம், நல்ல குடும்பத்துப் பொண்ணுங்க," என்பாள் மாமியார், சோற்றைப் பிசைந்துகொண்டே. "வீட்டுல அடுப்பே எரியறதில்லபோல. அதைக்கூடக் கூச்சம் இல்லாம வெளிய சொல்லுதுங்கன்னா எவ்வளவு கஷ்டம் இருக்கணும்."

"போட்டுக்க முழுசாத் துணிகூட இல்ல அத்தை," என்றாள் தையல்காரி. "முழங்காலோட நிக்குது. கீழ ஒரு சாண் துணி வச்சுத் தச்சுக் குடுக்கட்டுமான்னு கேக்கணும்னு இருக்கேன்."

மாமியாரும் மருமகளும் இப்போது ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உப்புப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். பிறத்தியார் கஷ்டத்தைப் பற்றிப் பேச ஒரே பெஞ்சுதான் வசதி.

அடுத்த வருஷ மதிப்பீட்டுக்கு அலுவலர் வருகிறார் என்று தகவல் வந்தபோது சாவியக்கா கொஞ்சம்கூட அலட்டிக்கொள்ளவில்லை. பாட்டிலம்மா இருக்கிறாள், பிறகென்ன. அன்றைக்குக் கூடத்தைத் தானே பெருக்கினாள். பெஞ்சுகளைத் துடைத்தாள். சமையல்காரிக்குக் காய்ச்சல் என்பதால் அடுப்படியிலும் தானே நின்றாள். வருகிறவர்களுக்குப் பரிமாறி, பை எடுத்துக் கொடுத்து, ஓடி ஓடி நின்றபோது மத்தியானம் தாண்டிவிட்டது.

அலுவலர் வந்தார். பஸ் வழியில் நின்றுபோனதால் தாமதமாம், முகம் வாடியிருந்தது. முன் பெஞ்சுக்குப் போய் பொத்தானில் விரலை வைத்தார்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"ஆச்சு," என்றாள் பாட்டிலம்மா. "நிறைவா இருக்கேன்."

சாவியக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்த உண்ணாநிலை எல்லாம்?" என்று கேட்டார் அலுவலர், ஒரு நிபுணர் இன்னொரு நிபுணரிடம் கேட்பது போல.

"அது போன வருஷத்தோட போச்சு சார். இப்ப எல்லாரும் நிறைவுப் பயிற்சிதான். தட்டுல என்ன இருந்தாலும், இல்லாட்டியும், நிறைவா இருக்கேன்னு நமக்கு நாமே சொல்லிக்கணும். சொல்லச் சொல்ல அப்படியே ஆயிடும்."

"எங்க அலுவலகத்துலயும் இப்ப அதுதான்," என்றார் அலுவலர் மகிழ்ச்சியோடு. "இயக்குநர் தினமும் கண்ணாடி முன்னால நின்னு சொல்றாரு."

அடுத்தவளும் நிறைவாக இருந்தாள். சோற்றைக் கண்ணால் பார்க்காதவள் எல்லாரையும்விட நிறைவாக இருந்தாள். பின் பெஞ்சில் இஸ்திரிக்காரி, தையல்காரி, மாமியார் மூவருக்கும் வழக்கம்போல ஆச்சு. கடைசிப் பெஞ்சு வரைக்கும் போய்விட்டு அலுவலர் பலகையைத் தட்டிப் பார்த்தார். 'இல்லை' என்று ஒன்றுகூட விழவில்லை.

எல்லாரும் போன பிறகு அவர் சாவியக்காவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். மேசைமேல் மூடி வைத்த குழம்புப் பாத்திரம் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கே மனசு கேக்கலம்மா," என்றார். "நல்லா நடத்துறீங்க. ஆனா விதிப்படி ஒரு 'இல்லை'யாவது வேணும். மையத்துக்குள்ள இருக்கற யாரா இருந்தாலும் சரின்னுதான் விதியில இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "வேலை பாக்கறவங்களும் அதுல சேத்திதான்."

சாவியக்காவுக்கு உயிர் திரும்பி வந்தது. விஷயம் இவ்வளவுதானா. அவள் அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு பருக்கை வாயில் போடவில்லை. பொய் சொல்ல வேண்டியதில்லை, நாடகம் போட வேண்டியதில்லை, யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும், மையம் பிழைத்துவிடும். நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"கேளுங்க சார்," என்றாள்.

அலுவலர் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து, மிகவும் அன்பாகக் கேட்டார்.

"நீங்க சாப்பிட்டீங்களாம்மா?"

"ஆச்சு சார்," என்றாள் சாவியக்கா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. வாயை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். வந்துவிட்ட வார்த்தையை எடுத்து உள்ளே போட்டுக்கொள்ள வழி தெரியவில்லை. அலுவலர் வருத்தத்தோடு 'ஆம்' பொத்தானை அழுத்தினார்.

சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே, "நீங்க சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டுவைத்தாள்.

"ஆச்சும்மா. நிறைவா இருக்கேன்."

அவர் அதைச் சொல்லி வாய் மூடவில்லை, அவருடைய வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமான சத்தம். மேடு ஏறுவது போல ஏறி, உச்சியில் கொஞ்சம் நின்று, கடகடவென்று இறங்கியது. இருவரும் சன்னல் பக்கம் பார்த்தார்கள்.

அவர் முகம் சிவந்துவிட்டதைச் சாவியக்கா பார்த்தாள். பாவமாக இருந்தது. "லாரி போகுதுபோல," என்றாள்.

"ஆமா, லாரிதான்," என்றார் அவர் நன்றியோடு.

அப்போது சாவியக்காவின் வயிறும் பதில் சொன்னது. இது கொஞ்சம் கனமாக இருந்தது.

"பின்னாலயே இன்னொண்ணும் வருது," என்றார் அலுவலர். அவர் நல்ல மனிதர் என்பதை முன்பே சொன்னேன்.

சன்னலுக்கு அந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது அடுத்த வீட்டுச் சுவர்.

அறிக்கை அன்று மாலையே துறைக்குப் போனது. "மேற்படி வட்டாரத்தில் பசி அறவே இல்லை. லாரி இரைச்சல் மட்டும் மிக அதிகம்." மையம் முழு மரியாதையோடு மூடப்பட்டது. கேடயமும் வந்தது. மாமியார் நினைத்ததைவிடச் சிறியது.

அந்தக் கூடத்தில் இப்போது துறையின் இரைச்சல் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. சுவரெல்லாம் கருவிகள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எப்போதாவது சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள், அவர்களை யாரும் தடுப்பதில்லை. நிலையத்தின் முதல் ஆய்வு முடிவு அண்மையில் வெளியாகியிருக்கிறது. லாரிகளின் நடமாட்டம் மத்தியான வேளையில்தான் உச்சத்தை எட்டுகிறதாம், மாதக் கடைசியில் அது இன்னும் கூடுகிறதாம். அவை எந்தச் சாலை வழியாக வருகின்றன என்பதைத்தான் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லையாம்.